'நார்மல்' என்று அக்காவிடம் சொன்னவள் நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவில்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் 26 வருஷமாக வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால் பத்து மணிக்குள் நாற்பது ஐம்பது கைகளில் ஊசி குத்தியாக வேண்டும். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பில், ஹார்மோன்களைச் சீராக வைத்துக்கொள்ளப் பத்து உணவுகள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். மறுநாள் காலையிலேயே அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, பழைய ரிப்போர்ட்டோடு மடித்து வைத்துக்கொண்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள். மூன்று பேரும் கேட்டது ஒன்றுதான்: "இதையெல்லாம் சாப்பிட்டா தைராய்டு மாத்திரைய நிறுத்திரலாமா?"

நிறுத்தலாம் என்று உங்கள் கட்டுரையில் எங்கும் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஆனால் நிறுத்தக் கூடாது என்றும் இல்லை. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது. கடிதம் நீளமாகப் போகும் போலிருக்கிறது. இடம் போதவில்லையென்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், அக்கா கதையை மட்டும் வெட்டாதீர்கள்.

முதலில் அந்த ரிப்போர்ட். தைராய்டு டெஸ்ட் என்றால் எங்கள் மெஷினில் மூன்று வரி வரும். டி3, டி4, டி.எஸ்.எச். ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் எண், அதற்குப் பக்கத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அளவு. எண் அளவைத் தாண்டினால் தடித்த எழுத்தில் விழும், ஓரத்தில் ஆங்கில 'எச்' ஒன்று விழும். குறைந்தால் 'எல்'. வாங்குகிறவர்கள் கண்ணுக்கு முதலில் படுவது அந்த ஒற்றை எழுத்துதான். டி.எஸ்.எச். 48 என்று போட்டு ஓரத்தில் 'எச்' இருந்தால், "தைராய்டு ரொம்ப ஜாஸ்தியாயிருச்சு தாயி" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார்கள். உண்மை அதற்கு நேர் எதிர். அவர்களுக்குத் தைராய்டு வற்றிக்கொண்டிருக்கிறது.

இதை நான் கவுண்டரில் நின்றபடி தினமும் சொல்லிச் சொல்லி, இப்போது ஒரு கதையாகவே ஆகிவிட்டது. ஒரு வீட்டில் அம்மா, ஒரு பையன். பையன் கழுத்தில் இருக்கும் தைராய்டு. வண்ணத்துப்பூச்சி மாதிரி குரல்வளைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும், இருபது கிராம் தேறினால் அதிகம். அம்மா மூளைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் பிட்யூட்டரி, ஒரு பட்டாணி அளவு. பையனின் வேலை, உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும் தைராக்ஸின் என்ற ஹார்மோனைத் தயாரிப்பது, அதுதான் டி4. டி3 அதன் தம்பி. அவன் ஒழுங்காக வேலை பார்த்தால் அம்மா மெதுவான குரலில் "சரிடா, செய்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவன் சோம்பினால் அம்மா சத்தம் போடுவாள். அந்தச் சத்தத்தின் பெயர்தான் டி.எஸ்.எச். பக்கத்து வீட்டில் இருந்து கேட்கிறவர்களுக்கு அம்மா சத்தம்தான் கேட்கும், பையன் படுத்துக் கிடப்பது தெரியாது. சத்தம் கூடியிருக்கிறது என்றால் வேலை கூடியிருக்கிறது என்று அர்த்தமா?

இந்த இடத்தில் எல்லோரும் சிரித்துவிடுவார்கள். பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

அம்மாவுக்கு மேலே ஒரு பாட்டியும் உண்டு. மூளையிலேயே இருக்கும் ஹைபோதலாமஸ் என்ற பகுதி. உடம்பின் சூடு, பசி, தூக்கம் எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்துக்கொண்டு, அம்மா காதில் மட்டும் ஏதோ சொல்வாள். அவள் என்ன சொல்கிறாள் என்று கண்டுபிடிக்க கில்மின் என்ற விஞ்ஞானி ஆட்டு மூளைகளையும், ஷாலி என்ற விஞ்ஞானி பன்றி மூளைகளையும் லட்சக்கணக்கில் அரைத்துத் தேடினார்கள். 1969இல் கிடைத்தது வெறும் மூன்று அமினோ அமிலம் சேர்ந்த ஒரு துணுக்கு. அவ்வளவு சின்ன வார்த்தை.

பையன் கொஞ்சம் சோம்பினாலே இந்த அம்மா ஊரைக் கூட்டிவிடுவாள் என்பதையும் சொல்ல வேண்டும். டி4 இன்னும் அளவுக்குள்ளேயே இருக்கும்போதே டி.எஸ்.எச். ஏறத் தொடங்கிவிடும். அதனால்தான் டாக்டர்கள் முதலில் அதைப் பார்க்கிறார்கள். சில சமயம் வேறொரு கூத்தும் நடக்கும். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி அம்மா குரலிலேயே பையனைக் கூப்பிட்டு வேலை ஏவுவாள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தவறாகத் தயாரிக்கும் ஒரு பொருள், டி.எஸ்.எச். மாதிரியே நடித்துத் தைராய்டை விரட்டும். கிரேவ்ஸ் நோய் என்பார்கள். பையன் ராப்பகலாக உழைப்பான், ஆள் இளைத்து, நெஞ்சு படபடத்து, கை நடுங்கும். அம்மா "நான் ஒண்ணும் சொல்லலையே" என்று வாயை மூடிக்கொள்வாள். டி.எஸ்.எச். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய், ஓரத்தில் 'எல்' விழும். தைராய்டு ஜாஸ்தி என்பது இதுதான். ஆனால் 'எல்'லைப் பார்த்து "கம்மியாத்தான் இருக்கு, பரவால்ல" என்று நிம்மதியாகப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கையைப் பிடித்து இழுத்து டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறேன்.

அபூர்வமாக அம்மாவுக்கே குரல் போய்விடுவதும் உண்டு. பிரசவத்தில் ரத்தம் அளவுக்கு மீறிப் போனால் பிட்யூட்டரி அடிபடலாம். 1937இல் ஷீஹான் என்ற டாக்டர் எழுதி வைத்த நோய் அது. எங்கள் லேபில் ஒரே ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை பெற்றபின் பால் சுரக்கவில்லை, மாதவிலக்கு திரும்பவில்லை, எப்போதும் அசதி. டி.எஸ்.எச். அளவுக்குள் இருந்தது, டி4 தரையில் கிடந்தது. டி.எஸ்.எச். மட்டும் எடுத்திருந்தால் நோய் எங்கள் கண்ணில் படாமலே போயிருக்கும்.

சரி, அக்கா.

என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிற வேலை. எண்ணிக்கைக்குத்தான் கூலி. குச்சியை அள்ளினால் விரல் எண்ணிக்கொள்ளும், கண் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கும், அப்படி ஒரு கை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கை மெதுவாகத் தொடங்கியது. சனிக்கிழமை கூலி ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் குறைந்தது. கணக்குப் பிள்ளை ஏமாற்றுகிறார் என்று அவரோடு சண்டை போட்டாள். அவர் நோட்டை எடுத்து நீட்டினார், கணக்கு சரியாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால், அக்கா உடம்பில் தைராக்ஸின் எப்படிக் குறைந்தது என்று எந்த லேப் ரிப்போர்ட்டையும்விட அந்தக் கூலி நோட்டுதான் துல்லியமாக எழுதி வைத்திருக்கிறது.

சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொன்னாள். கோவில்பட்டிச் சித்திரை எப்படியிருக்கும் என்று உங்கள் நிருபரைக் கேளுங்கள். முகம் உப்பியது, பார்த்தவர்கள் "மருமக வந்த நேரம், சுகமா இருக்கா" என்றார்கள். மலச்சிக்கலுக்குக் கடுக்காய்ப் பொடி, முட்டிவலிக்குத் தைலம், முடி கொட்டியதற்கு ஒரு எண்ணெய். புருவத்தின் வெளி ஓரம் உதிர்ந்துபோயிருந்ததைக்கூட நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "மாதவிலக்கு நிக்கிற வயசுக்கா, அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னேன். தினமும் பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தைராய்டு டெஸ்ட் போடுகிற நான் சொன்னேன்.

ஒரு நாள் மத்தியானம் அவளுக்குப் போன் அடித்தேன். எடுத்தது ஆண் குரல். மாமா என்று நினைத்து, "அக்காகிட்ட குடுங்க மாமா" என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அதே கரகரத்த குரல், ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, "நாந்தாண்டி" என்றது. போனை வைத்துவிட்டு நேரே பஸ் ஏறினேன். அவள் கையில் ரத்தம் எடுத்தபோது தோல் காய்ந்து செதில் செதிலாக இருந்தது, ஸ்பிரிட் பஞ்சில் வெள்ளைத் தூள் ஒட்டியது. டி4 1.2, இருக்க வேண்டியது 5 முதல் 12. டி.எஸ்.எச். எண்ணே வரவில்லை, '100க்கு மேல்' என்று வந்தது. எங்கள் மெஷின் அதற்கு மேல் அளக்காது.

டாக்டர் இன்னொரு டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு ஹஷிமோட்டோ என்றார். 1912இல் நான்கு பெண்களின் தைராய்டை ஆராய்ந்து எழுதிய ஜப்பானிய டாக்டரின் பெயர். உடம்பின் காவல்காரனே பையனைத் திருடன் என்று நினைத்து அடித்து நொறுக்குகிற நோய். தைராக்ஸின் செய்யப் பையனுக்கு வேண்டிய மூலப்பொருள் அயோடின். அது போதுமான அளவு கிடைக்கும் ஊர்களில் தைராய்டு குறைவுக்கு முக்கியக் காரணமே இதுதான். சென்னை உள்பட எட்டு நகரங்களில் எடுத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. எங்கள் மெஷினைக் கேட்டால் அதுவும் ஆமாம் என்றுதான் சொல்லும்.

மாத்திரை கொடுத்தார்கள். முதலில் 50 மைக்ரோகிராம், பிறகு 100. மூன்று மாதத்தில் அக்கா எங்கள் பழைய அக்காவானாள். குரல் திரும்பியது, கூலி ஏறியது, கணக்குப் பிள்ளையிடம் மன்னிப்புக்கூடக் கேட்டாள். மறுபடி டெஸ்ட் எடுத்தேன். டி.எஸ்.எச். 3.1. ஓரத்தில் எந்த எழுத்தும் இல்லை. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, "நார்மல்க்கா!" என்றேன். சந்தோஷத்தில் சத்தமாகவே சொன்னேன். அவள் போய்க் கடலைமிட்டாய் வாங்கி வந்து லேபில் எல்லோருக்கும் கொடுத்தாள். வீட்டுக்குப் போனதும் டப்பாவை மூடி அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டாள். நார்மல் ஆகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை?

எனக்கு அது தெரியாது. கேட்கவும் இல்லை.

பையன் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறான். அவன் வேலையைச் செய்யக் கூலிக்கு ஓர் ஆளை வைத்திருக்கிறோம், அந்த ஆள்தான் மாத்திரை. வேலை நடப்பதால் அம்மா சத்தம் அடங்கியிருக்கிறது. சத்தம் அடங்கிவிட்டது என்று கூலி ஆளை அனுப்பிவிட்டால் வேலையை யார் செய்வார்கள்? 'நார்மல்' என்று நான் சொன்னது அக்காவின் தைராய்டை அல்ல. அக்காவும் மாத்திரையும் சேர்ந்த கணக்கு நார்மல். அந்த அரை வரியை நான் சொல்லவில்லை.

இதில் ஒரு பொல்லாத விஷயம், நிறுத்திய உடனே ஒன்றும் தெரியாது. ஹார்மோன்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. நாய் துரத்தினால் அட்ரினல் சுரப்பி பாய்ச்சுகிற அட்ரினலின் இரண்டு மூன்று நிமிஷத்தில் பாதியாகிவிடும். இன்சுலினும் நாலைந்து நிமிஷக் கணக்குதான், சோறு சாப்பிட்டதும் கணையத்திலிருந்து வரும், சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்பும், போய்விடும். தைராக்ஸின் அப்படியில்லை. ரத்தத்தில் இருப்பது பாதியாகவே ஒரு வாரம் ஆகும். அதனால் மாத்திரையை நிறுத்தியவர்கள் இரண்டு மூன்று வாரம் நன்றாகத்தான் நடமாடுவார்கள். "பாத்தியா, நிறுத்தியும் ஒண்ணும் ஆகல" என்று ஊருக்கெல்லாம் சொல்வார்கள், அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் நிறுத்துவார்கள். அதே காரணத்தால்தான் மாத்திரை அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டெஸ்டுக்கு வரச் சொல்கிறார்கள். பத்தே நாளில் வந்து "இன்னும் குறையலையே" என்று சண்டை போட்டுப் பயனில்லை.

அக்கா தாங்கியது ஐந்து மாதம். பேரன் காதுகுத்துக்குக் கழுகுமலைக்குப் போயிருந்தோம். தட்டோடு நின்றவளை யாரோ கூப்பிட்டார்கள், அவள் திரும்புவதற்குள் கூப்பிட்டவர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. மறுநாள் டி.எஸ்.எச். 86. டாக்டர் கோபமாக, "யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். "ரிப்போர்ட்டுல நார்மல்னு சொன்னாங்களே" என்றாள். யார் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. உடன்பிறந்தவள் அல்லவா.

இதற்கு அப்புறமும் ஒரு கூத்து. மறுபடி மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் கழித்தும் டி.எஸ்.எச். 20க்குக் கீழே இறங்க மறுத்தது. அளவைக் கூட்டலாமா என்று டாக்டர் யோசித்தார். ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டால் முருகன் மேல் சத்தியம் செய்கிறாள். ஒரு ராத்திரி அவள் வீட்டில் தங்கினேன். காலை ஐந்தரைக்குக் கருப்பட்டிக் காபி கொதிக்கிறது. அக்கா அடுப்புக்குப் பக்கத்துத் தட்டிலிருந்து தைராய்டு மாத்திரை, கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை மூன்றையும் உள்ளங்கையில் குவித்து, ஒரே வாயில் போட்டு, சுடச்சுடக் காபியை ஊற்றி விழுங்கினாள். "ஒரு நாள்கூட விடலட்டி" என்றாள். சத்தியம் உண்மைதான். தைராய்டு மாத்திரையில் பெரும்பகுதி மட்டும் வயிற்றோடு நின்றுவிட்டது. காபி அதை ரத்தத்தில் முழுசாக ஏற விடாது, கால்சியமும் இரும்புச்சத்தும் அதைக் கட்டிப்போட்டுவிடும். வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியமும் இரும்பும் நாலு மணி நேரம் தள்ளி. போதாக்குறைக்கு அடுப்புச் சூட்டில் வேறு டப்பா இருந்தது, சூடும் ஈரமும் வெளிச்சமும் அந்த மாத்திரைக்கு ஆகாது. அளவைக் கூட்டாமலே, நேரத்தை மாற்றியதில் எண் இறங்கியது.

இந்த மாத்திரையில் இருப்பது எவ்வளவு சின்ன சமாச்சாரம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். 100 மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கிராம் தங்கக் காசு எடைக்குத் தைராக்ஸின் இருந்தால் 27 வருஷத்துக்கு வரும். நான் இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு ஆளை ஓட்டியிருக்கும், இன்னும் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். இவ்வளவு சின்ன அளவை ரத்தத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்பது இன்னொரு அதிசயம். ரத்தத்தைக் குழாயில் உறைய விட்டுச் சுற்றவிட்டால் மேலே இளமஞ்சளாகத் தெளிந்து நிற்கும். அந்த ஒரு மடக்கில் இன்சுலின், கார்டிசால், தைராக்ஸின் என்று எல்லா ஹார்மோன்களும் கலந்துதான் கிடக்கின்றன. நாளமில்லாச் சுரப்பி என்று பள்ளிக்கூடத்தில் படித்ததன் அர்த்தமே அதுதானே, தனிக் குழாய் கிடையாது, எல்லாம் ரத்தத்தில் கொட்டிவிட வேண்டியது. கோயில் திருவிழா மைக்கில் ஒரு பெயரைச் சொன்னால் ஊரே கேட்கும், அந்தப் பெயர்க்காரர் மட்டும் எழுந்து போவார் இல்லையா, அந்த மாதிரி அந்தந்த ஹார்மோனுக்கு அந்தந்தச் செல்தான் காது கொடுக்கும். இந்தக் கலவைக்குள் ஒன்றை மட்டும் தேடி அளக்கும் வழியை 1950களில் நியூயார்க்கில் ரோசலின் யாலோ என்ற பெண்மணி, பெர்சன் என்ற டாக்டரோடு சேர்ந்து கண்டுபிடித்தார். காப்புரிமை வாங்கவில்லை. 1977இல் நோபல் பரிசு வந்தது, பெர்சன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அதே வருஷம் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள்தான் அந்த ஆட்டு மூளைக்காரரும் பன்றி மூளைக்காரரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தைராய்டு சாம்பிளை ஐஸ் பெட்டியில் வைத்து மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு இரண்டு நாள் காத்திருப்போம். இப்போது மத்தியானத்துக்குள் கையில் ரிப்போர்ட்.

மெஷினையும் ஏமாற்றலாம் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இப்போது எக்கச்சக்கம். சில மெஷின்களின் டெஸ்ட் முறையிலேயே பயோட்டின் இருக்கிறது. ரத்தத்தில் அது கூடுதலாக இருந்தால் டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 கூடுதலாகவும் பொய்யாகக் காட்டும். அமெரிக்க மருந்துத் துறையே 2017இல் இதற்கு எச்சரிக்கை விட்டது. தைராய்டு குறைந்ததால் முடி கொட்டும், முடிக்காகப் பயோட்டின் சாப்பிடுவார்கள், பயோட்டின் தைராய்டு டெஸ்டைக் கெடுக்கும். டெஸ்டுக்கு முன் இரண்டு மூன்று நாள் அதை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எங்களிடமும் சொல்லுங்கள். நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

உங்கள் பத்து உணவுகளுக்கு வருகிறேன். தைராய்டுக்கு ஆகாது என்று முட்டைக்கோஸை ஒதுக்கச் சொல்லியிருந்தீர்கள். அயோடின் உப்பு சாப்பிடுகிற வீட்டில், வேகவைத்து, எப்போதாவது பொரியல் வைத்தால் ஒன்றும் ஆகாது. இந்துப்பு நல்லது என்று போட்டிருந்தீர்கள், அதில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். தூத்துக்குடி உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சொல்கிறேன், கடல் உப்பிலேயே அயோடின் இருக்கும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். கிட்டத்தட்ட இல்லை. தனியாகத் தெளித்துத்தான் சேர்க்கிறார்கள். 1956இல் தொடங்கி இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் உப்பைக் கொடுத்துப் பார்த்து, கழுத்துக் கழலை குறைவதை நிரூபித்த பிறகுதான் நம் நாட்டில் இது வந்தது. வாழ்நாள் முழுக்க ஒருவருக்கு வேண்டிய அயோடின் ஒரு தேக்கரண்டிகூட வராது, ஆனால் அந்தத் தேக்கரண்டி இல்லாமல் முடியாது. அதற்காக அக்கா மாதிரி ஹஷிமோட்டோ உள்ளவர்கள் கூடுதலாக உப்பு தின்றால் பையன் எழுந்து வேலை செய்வான் என்று நினைக்க வேண்டாம்.

போன மாதம் மாமியாரோடு ஒரு பெண் வந்திருந்தாள், இரண்டு மாதக் கர்ப்பம். "வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு தைராய்டு மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டேன்" என்று மாமியார் பெருமையாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் மூன்று மாதம் சிசுவின் தைராய்டு வேலைக்கே வந்திருக்காது. மூளை வளர வேண்டிய அந்த நேரத்தில் அதற்குக் கிடைப்பது அம்மாவின் தைராக்ஸின் மட்டும்தான். கர்ப்பத்தில் பலருக்கு மாத்திரை அளவைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும். அந்த மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். கர்ப்பிணி கண்ட மாத்திரையையும் தின்னக் கூடாது என்பது நல்ல புத்திதான். இந்த மாத்திரை மற்ற மருந்து மாதிரி இல்லை, உடம்பு தானே செய்ய வேண்டியதை வெளியிலிருந்து கொடுப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பினேன்.

1891இல் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரில் முர்ரே என்ற டாக்டர், அக்கா மாதிரியே முகம் உப்பி, குளிரில் நடுங்கிய ஒரு பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஊசியில் போட்டார். பிற்பாடு அந்தப் பெண் அதை வாய்வழியாகவே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு 28 வருஷம் வாழ்ந்து 74 வயதில் இறந்தார். அதற்குள் 870 ஆடுகளுக்கும் மேல் அவருக்காகக் கழுத்தைக் கொடுத்திருந்தன. அந்த அம்மாவுக்கு யாரும் ரிப்போர்ட் கொடுக்கவில்லை, அதனால் நிறுத்தவும் இல்லை. அக்காவிடம் இதைச் சொன்னேன். "ஆட்டுத் தொண்டையையா?" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, "எனக்கு இந்தக் குட்டி மாத்திரையே போதும்" என்றாள்.

அக்கா மாத்திரையை நிறுத்திய அந்தச் சம்பவத்திலிருந்து நான் ஒரு காரியம் செய்கிறேன். மாத்திரை சாப்பிடுகிறவர்களின் ரிப்போர்ட்டில், மூன்று வரிக்குக் கீழே பேனாவால், 'மாத்திரை சாப்பிடும்போது எடுத்தது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்' என்று தமிழில் எழுதிவிடுகிறேன். எங்கள் முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. "நாம டாக்டரா? எண்ணைக் கொடுக்கிறதோட நம்ம வேலை முடிஞ்சது" என்கிறார். அவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது, நான் யாருக்கும் அளவைக் கூட்டவோ குறைக்கவோ சொல்வதில்லை. எல்லா லேப்களும் இந்த ஒரு வரியை அச்சிலேயே போட்டுவிட்டால் எனக்குப் பேனா மை மிச்சம். அடுத்த தடவை நீங்கள் தைராய்டு பற்றிப் பக்கம் போடும்போது, பத்து உணவுக்குப் பதிலாக ஒன்பது போட்டு, மிச்ச இடத்தில் இந்த வரியைப் போட்டால் நன்றாக இருக்கும். அந்தப் பக்கத்தையும் கத்தரித்துக்கொண்டு வருவார்கள், எனக்குத் தெரியும்.

என் பெயரைப் போட வேண்டாம். முதலாளி உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.

நாளைக் காலை அக்காவுக்கு டெஸ்ட். மாத்திரையும் போடாமல், காபியும் குடிக்காமல் வா, ரத்தம் கொடுத்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். மாத்திரை விஷயத்தில் சொன்னபடி கேட்பாள். காபிக்கு உத்தரவாதம் இல்லை.

இப்படிக்கு,
லேப் டெக்னீஷியன் ஒருத்தி,
கோவில்பட்டி.